எங்கள் சபையின் வெளிநடப்பு விதி

நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டாம் பந்திக்குக் காத்துக்கொண்டிருந்தோம். என் அக்காவின் கணவர், சுற்றியிருந்த பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

"ஏ டீச்சரு, நீ கம்ப்யூட்டர் வெளையாட்டுக்கு என்னமோ பார்லிமெண்டு நடத்துகியாமே? வேற சோலி ஒண்ணும் இல்லியா?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தி விளையாடுகிறாள் என்பதே அவர்களுக்குத் தமாஷ். அதற்குச் சட்டமும் எழுதுகிறாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

"சோலியெல்லாம் உண்டு அத்தான். ஞாயித்துக்கெழம மத்தியானம் நீங்க தூங்குகீங்க, நான் சட்டம் எழுதுகேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

என் தொழிலே அரசியல் சட்டம்தான். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பேருந்துகள் முட்டிக்கொண்டு நிற்கிற சாலைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒரு பயிற்சி மையம். அரசு வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இருபது வருடமாக அங்கே பாடம் எடுக்கிறேன். எந்தப் பிரிவு, எத்தனையாவது திருத்தம், எந்த நாட்டிடமிருந்து வாங்கியது என்று எப்போது கேட்டாலும் பதில் வரும். நான்கு விடைகளில் சரியானதை டிக் அடிக்கத் தெரியும், அடிக்கவைக்கவும் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரியைக்கூட நான் வாழ்க்கையில் பயன்படுத்தியதில்லை. நான் குடியிருக்கிற அடுக்குமாடியின் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை கை தூக்கினேன். "வாடகைக்கு இருக்கறவா கேட்டுண்டிருந்தா போரும்" என்று தலைவர் சொன்னார். கையை இறக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு பதினைந்து நல்ல பதில்கள் தோன்றின.

விளையாட்டு வந்தது ஒரு மழைக்காலத்தில். பயிற்சி மையத்தின் படிக்கட்டில் வழுக்கிக் கணுக்கால் பிசகி மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். அதே மையத்தில் ஆங்கில இலக்கணம் எடுக்கிற தோழி பார்க்க வந்தாள். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், வாய் மட்டும் இருபது வயது. ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்துவிட்டு என் லேப்டாப்பைத் திறந்தாள்.

"சும்மா சீலிங்கைப் பாத்துண்டு கெடக்காதே. என் தோட்டத்தை வந்து பாரு."

சதுரக் கட்டைகளை அடுக்கி உலகம் கட்டுகிற விளையாட்டு அது. மரம் வெட்டலாம், மண் தோண்டலாம், வீடு கட்டலாம். ஒரே சர்வரில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நிலம். நம் பொம்மை அங்கே நடக்கும். ஹெட்செட் மாட்டினால் பக்கத்தில் நிற்கிறவருடன் பேசலாம். எங்கள் சர்வரில் திருவனந்தபுரத்துக்காரர்கள் பாதி, நாகர்கோவில், களியக்காவிளைக்காரர்கள் மீதி, கொஞ்சம் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். தோழி அங்கே செம்பருத்தி நிறத்தில் பூக்கள் வைத்து, ஒரு சின்னக் குளம் வெட்டி, அதில் தாமரை விட்டிருந்தாள். எனக்கு உண்மையாகவே பொறாமையாக இருந்தது. கால் சரியாவதற்குள் நானும் அங்கே ஒரு வீடு கட்டிவிட்டேன்.

சர்வர் ஒரு இளைஞனுடையது. சாலைக் கடைவீதித் தமிழ்க் குடும்பம், கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் கம்ப்யூட்டர் வேலை. எல்லாரும் அவனை அட்மின் என்பார்கள். அவன் நினைத்தால் யாரையும் வெளியேற்றலாம், எதையும் அழிக்கலாம். ஒருநாள் அவன் கட்டிய கோபுரத்தைப் பார்த்துத் தோழி, "இது கோபுரமா, வாட்டர் டாங்கா?" என்று எல்லாரும் பார்க்கிற குழுவில் எழுதினாள். மறுநாள் அவள் தோட்டம் இருந்த இடத்தில் வெறும் மணல். குளம்கூட இல்லை. ஓய்வறையில் அவள் தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழுவில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: எந்த விதிப்படி?

அவன் ஹெட்செட்டில் வந்தான். "டீச்சரே, இது என்ட சர்வர். விதி ஒண்ணும் கெடயாது."

"அப்ப எழுதணும்."

"பின்னே எழுதுங்கோ. சும்மா பேசாம எழுதிக் கொண்டுவாங்கோ, பாக்கலாம்."

அவன் கேலிக்குச் சொன்னான். நான் எழுதினேன். இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எல்லாம் அதற்கே போயின. நாற்பத்தியொரு விதிகள். முதல் விதி, அட்மினும் சபைக்குக் கட்டுப்பட்டவர். அதை முதலில் வைத்ததற்குக் காரணம் தோழியின் தாமரைக்குளம்தான், வேறு எந்த நாட்டிடமிருந்தும் வாங்கவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன்; சொன்ன சொல்லுக்காகவும், சர்வரில் எல்லாரும் கேட்டதற்காகவும் அவன் ஒப்புக்கொண்டான்.

இருபது வருடம் பாடம் எடுத்ததெல்லாம் அங்கே வந்து தடுக்கியது. தொகுதியை எப்படிப் பிரிப்பது? வீடு எங்கே இருக்கிறதோ அது தொகுதி என்று வைத்தேன். ஒருவன் ஆறு வீடு கட்டி ஆறு ஓட்டுக் கேட்டான். படுக்கை எங்கே இருக்கிறதோ அது தொகுதி என்று மாற்றினேன், ஏனென்றால் அந்த விளையாட்டில் ஒருவருக்கு ஒரு படுக்கைதான் கணக்கில் வரும். பதவிக்காலம் ஐந்து வருடம் என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஐந்து வாரம் என்று திருத்தினேன். சபை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. இருபத்தைந்து உறுப்பினர்கள், ஒன்பது பேர் இருந்தால் சபை கூடலாம். சபைக் குறிப்பு தமிழில். "மலையாளத்தில எழுதினா எல்லாருக்கும் சௌகரியம் அல்லே" என்று ஒருவர் கேட்டார். எழுதுகிறவள் நான், என் குறிப்பு என் மொழியில், உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களும் ஒன்று எழுதுங்கள் என்றேன். யாரும் எழுதவில்லை.

வாக்களிப்பு முறைதான் எனக்குப் பெருமை. விளையாட்டுக்குள் சபைக்கென்று ஒரு மண்டபம் கட்டினோம்; அதன் வலப்பக்கம் பச்சைத் தரை, இடப்பக்கம் சிவப்புத் தரை. ஆம் என்றால் பச்சையில் போய் நிற்க வேண்டும், இல்லை என்றால் சிவப்பில். பொத்தானை அழுத்திவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது. எல்லாரும் பார்க்க நடந்து போய் நிற்க வேண்டும். மண்டபத்துக்குள் நிற்கிறவர்களை மட்டும் எண்ணுவோம்.

பதினேழாம் விதி வெளிநடப்பு. இதை எழுதும்போது எனக்கு வந்த உற்சாகம் மற்ற நாற்பது விதிக்கும் சேர்த்து வரவில்லை. தினமும் பேருந்தில் செக்ரட்டேரியட் வாசலைத் தாண்டி வேலைக்குப் போகிற ஊரில் இருக்கிறோம். அங்கே போராட்டப் பந்தல் இல்லாத நாளைப் பார்த்தால் எங்களுக்கே ஊர் மாறிவிட்டதோ என்று சந்தேகம் வரும். இறங்கிப்போவது என்பது இங்கே கோபம் மட்டுமல்ல, அதற்கு ஒரு அழகும் உண்டு. எதிர்க்கட்சித் தலைவர் இரண்டு நிமிடம் பேசலாம், பிறகு அவர் கட்சி முழுவதும் தெற்கு வாசல் வழியாக ஒன்றாக வெளியேறலாம், வெளியேறியவர்கள் அன்றைய வாக்கெடுப்பு முடியும்வரை திரும்பி வரக்கூடாது என்று எழுதினேன். விதி வந்த மறுவாரமே வாசலுக்கு வெளியே ஒரு பந்தல் கட்டிவிட்டார்கள். அதில் பெஞ்சு, விளக்கு, ஒரு சாயாக்கடைகூட வந்துவிட்டது. சிலர் வெளிநடப்பு செய்வதற்காகவே சபைக்கு வந்தார்கள்.

தேர்தல் நடந்தது. அட்மின் பதின்மூன்று பேருடன் ஜெயித்துப் பிரதமர் ஆனான்; அவனுக்கு அந்தப் பதவி மிகவும் பிடித்துப்போயிற்று. பதினோரு பேருக்கு எதிர்க்கட்சித் தலைவி என் தோழி. சபாநாயகர் நான். நாற்காலியில் உட்கார்ந்தால் கட்சியும் கிடையாது, கருத்தும் கிடையாது என்று எட்டாம் விதியில் நானே எழுதி வைத்திருந்தேன். மற்ற இருபத்துநான்கு பொம்மைகளும் எழுந்து நிற்க, ஹெட்செட்டில் எல்லாரும் சேர்ந்து கை தட்டினார்கள். சங்கக் கூட்டத்தில் இறக்கிய கை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

மூன்றாவது வாரம் அட்மின் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். சர்வரின் தென்மேற்கு மூலையை முழுக்க அழித்துவிட்டு, அங்கே போட்டிகள் நடத்த ஒரு பெரிய மைதானம் கட்ட வேண்டும். அந்த மூலை பழையது, பாரமானது, அதனால்தான் எல்லாருக்கும் விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது என்றான். பொய் சொல்லவில்லை. திக்கத்தான் செய்தது.

அந்த மூலையில் இருந்தது ஒரு கடற்கரை. கட்டியவர் விழிஞ்ஞத்துக்காரர், துறைமுகத்தில் ஐஸ் லாரி ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். குடும்பத்துக்கு மூலம் குமரிக் கடற்கரை, அதனால் வீட்டில் தமிழ். கரையில் படகுகள், பாறை, தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம், தொழுகைப் பள்ளி ஒரு பக்கம், மாதா கோயில் ஒரு பக்கம். நடுவில் இரண்டு அறையும் அடுக்களையும் உள்ள ஒரு சின்ன வீடு. அதன் வாசல் உயரம் குறைவு. உள்ளே போக வேண்டுமென்றால் பொம்மையைக் குனியவைக்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "அசல் வீட்டில குனிஞ்சுதான் டீச்சரே போணும்" என்றார். அசல் வீட்டைக் கடல் எடுத்துவிட்டிருந்தது.

அவரும் எதிர்க்கட்சி உறுப்பினர், கரைத் தொகுதி. தீர்மானம் வந்த அன்று அவர் பேசியது மூன்றே வாக்கியம்.

"வேற எடத்துக்கு மாத்தித் தரலாம்னு அட்மின் சொல்லுகாரு. அங்க போனா வாசப்படியில இருந்து லைட் ஹவுஸ் தெரியாது. எனக்கு இது இங்கதான் வேணும்."

வாக்கெடுப்பு அடுத்த ஞாயிறு. அந்த வாரம் அவர் ஆளுங்கட்சியில் இரண்டு பேரைத் தனித்தனியாகப் பிடித்து, கரையைச் சுற்றிக் காட்டி, சிவப்பில் நிற்கச் சம்மதிக்கவைத்தார். பதினொன்றும் இரண்டும் பதின்மூன்று, அந்தப் பக்கம் பதினொன்று. கரை தப்பிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். அட்மினுக்கும் தெரியும்.

ஞாயிறு நான்கு மணி. தோழி பேச எழுந்தாள். நான் கேட்டதிலேயே அவள் நன்றாகப் பேசிய நாள் அதுதான். தாமரைக்குளத்தில் தொடங்கினாள், கரைக்கு வந்தாள், ஒரு மனுஷன் நினைவை மைதானமாக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டாள். பந்தலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். கைதட்டல் அவள் தலைக்கு ஏறிவிட்டது. குரல் உயர்ந்தது.

"இப்படிப்பட்ட ஒரு தீர்மானம் வந்த சபையிலே ஒரு நிமிஷம்கூட இருக்க எங்களுக்கு மானம் இடம் கொடுக்கல்லே! நாங்க வாக்கவுட் பண்றோம்!"

பதினோரு பொம்மைகளும் திரும்பின. ஒருவர்கூட யோசிக்கவில்லை. இரண்டு நிமிடம் பேச்சு, பிறகு தெற்கு வாசல். கால் தானாகவே போயிற்று. கோஷம் போட்டுக்கொண்டே போனார்கள். ஐஸ் லாரிக்காரரும் போனார். அவர் குரலும் கோஷத்தில் கேட்டது.

மண்டபத்தில் ஆளுங்கட்சி மட்டும் நின்றது. சிவப்புத் தரை காலி. சம்மதம் சொன்ன இருவரும் அந்தக் காலித் தரையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மெதுவாகப் பச்சைக்கு நடந்தார்கள். பதின்மூன்றுக்குப் பூஜ்யம்.

வெளியே பந்தலில் கோஷம் சட்டென்று நின்றது. யாரோ எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

"டீச்சரே, பாஸாயிச்சு அல்லே?" என்றான் அட்மின். அவன் குரலில் அவனுக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு நடந்த கூச்சல் என் காதில் இன்னும் இருக்கிறது. தோழி ஹெட்செட்டில் கத்தினாள், "செல்லாதுன்னு சொல்லுடி! நீதானே சபாநாயகர்! எண்ணலேன்னு சொல்லு, கரண்ட் போச்சுன்னு சொல்லு, ஏதாவது சொல்லு!" எல்லாரும் என்னைக் கெஞ்சினார்கள். சொல்லியிருக்கலாம். எனக்குக் கரையும் பிடிக்கும், அவரையும் பிடிக்கும், தோழி என் தோழி. ஆனால் எந்த விதிப்படி என்று ஒருவனைக் கேட்டுத்தான் இந்தச் சபையே வந்தது. பிடித்தவர்களுக்காக நானே விதியில்லாமல் ஒன்றை அழித்தால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? தீர்மானம் நிறைவேறியது என்று சொன்னேன். குரல் நடுங்காமல்தான் சொன்னேன். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அடுக்களையில் போய் நின்று அழுதேன்.

மறுநாள் ஓய்வறையில் தோழி என் எதிர் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போய், பேருந்து நிலையத்தைப் பார்த்துக்கொண்டு, தன் டப்பாவைத் திறந்து தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. நான் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதும்தான், அதை மறுக்கவில்லை. மண்டபத்தில் இருப்பவர்களை மட்டும் எண்ணு என்று எழுதியவளும் நான், வெளியே போவதற்கு இவ்வளவு அழகான வாசல் வைத்தவளும் நான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

அன்று சாயங்காலம் ஐஸ் லாரிக்காரர் போன் செய்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சரே, எனக்கு இது ரெண்டாமத்த தவணையாக்கும்" என்றார்.

என்ன ரெண்டாவது என்று கேட்டேன்.

"வீடு போன பொறவு, புது வீடு யாருக்கெல்லாம் உண்டுன்னு லிஸ்ட் போட ஒரு ஆப்பீஸ்ல விளிச்சாங்க. மாடியில மீட்டிங்கு. பேசிக்கிட்டு இருக்கும்பம் எங்க ஆளு ஒருத்தரு மேசையில அடிச்சாரு, எல்லாரும் எறங்குங்கன்னாரு. நானும் கோஷம் போட்டுட்டு எறங்கினேன். நல்ல வீறு இருந்துது டீச்சரே. ரோட்டுக்கு வந்த பொறவுதான் ஓர்மை வந்துது, லிஸ்ட் மாடியில இருக்குன்னு. எறங்காம இருந்த ஏழெட்டுப் பேரு பேரை எழுதிட்டாங்க."

"அப்புறம் கேக்கலியா?"

"கேட்டேன். கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். வாடகை வீட்டிலதான் கெடக்கேன். அந்த வீட்டை நான் வேற எங்கயும் கெட்டல்ல. அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் கெட்டினேன்."

என் மேலேயே ஆத்திரமாக வந்தது. வெளிநடப்பு அழகு என்று நினைத்து வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வாசல் வழியாக இந்த மனிதர் தன் வீட்டை இரண்டாம் முறை விட்டுவிட்டு வெளியே போயிருக்கிறார்.

"பின்னே டீச்சரே," என்றார் அவர், "இருபத்தெட்டாம் விதி இருக்கில்லா?"

இருபத்தெட்டாம் விதி: தீர்மானம் நிறைவேறிய ஏழு நாளுக்குள் ஐந்து உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் ஒரே ஒரு முறை மறுவாக்கெடுப்பு உண்டு, ஏழு நாளும் தீர்மானம் நடைமுறைக்கு வராது. சபாநாயகர் ஒரு கட்சிக்கு யோசனை சொல்லக்கூடாது என்பதால் நேற்றிலிருந்து நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நாற்பத்தியொரு விதியையும் யாரும் படித்ததில்லை. படிக்காமலே எல்லாரும் வாழ்க என்றார்கள். இவர் ஒருவர், ஐஸ் லாரியை ஓரமாக நிறுத்தி, போனில் விதி விதியாகப் படித்திருக்கிறார்.

"இருக்கு" என்றேன். "எழுத்தில வேணும்."

புதன்கிழமை தோழி ஓய்வறையில் என் மேசை மேல் ஒரு காகிதத்தை வீசினாள். ஐந்து கையெழுத்து, அவளுடையது கடைசி. "போட்டாச்சு. இதாவது உன் ரூல்படி செல்லுமோ, இல்லே இங்க் கலர் சரியில்லேம்பியோ?" என்றாள். செல்லும் என்றேன். பெரிய அதிகாரிகள் போடுகிற பச்சை மையில்தான் போட்டிருந்தாள், வேண்டுமென்றே. அந்த வாரம் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஞாயிறுக்குள் பதினேழாம் விதியைத் திருத்திவிடு என்று சிலர் சொன்னார்கள். தெற்கு வாசலை மூடிவிட்டால் யாரும் போக முடியாதே என்றார்கள். ஆட்டம் நடக்கும்போது கோட்டை அழித்து வேறு கோடு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாசல் திறந்தே இருக்கும். போகிறவர் போகலாம்.

அந்த ஞாயிறு மழை. என் வீட்டில் இரண்டு முறை மின்சாரம் போய்ப் போய் வந்தது. நான்கு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. சம்மதம் சொன்ன இருவரில் ஒருவரைக் காணவில்லை. அந்தப் பக்கம் பன்னிரண்டு, அதில் ஒருவர் இந்தப் பக்கம் வருவாரா என்று தெரியாது. வந்தால் பன்னிரண்டுக்குப் பதினொன்று. சமமாக வந்தால் பழைய முடிவே நிற்கும், அதனால் ஒரு ஆள் குறைந்தாலும் போயிற்று.

அட்மின் மக்கு இல்லை. போன வாரம் தற்செயலாகக் கிடைத்ததை இந்த வாரம் வேண்டுமென்றே வாங்க வந்திருந்தான். பேச எழுந்தவன் தீர்மானத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

"எதிர்க்கட்சிக்காரங்க இன்னும் உள்ளயா? வெளியில பந்தல்ல சாயா ஆறிப்போகும் கேட்டோ. அந்தப் பூக்காரி டீச்சருக்கு ஒரு ஸ்பெஷல் சாயா போடச் சொல்லட்டா?"

அவன் ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாயிற்று. இது தூண்டில் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தோழியிடம், அசையாதே, அவன் உன்னை வெளியே அனுப்பத்தான் பேசுகிறான் என்று சொல்ல வாய் துடித்தது. எட்டாம் விதி. மரியாதையாகப் பேசுங்கள் என்று மட்டும் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு, அதைச் சொன்னேன். அவன் மன்னிப்புக் கேட்பது போல இன்னும் ஒரு கேலி செய்தான்.

"போரும்!" என்று தோழி கத்தினாள். "மானம் உள்ளவா யாரும் இங்கே நிக்க மாட்டா! எல்லாரும் ஏந்திருங்கோ!"

பொம்மைகள் திரும்பின. மறுபடியும் அதே தெற்கு வாசல், அதே வரிசை. தோழி எல்லாருக்கும் முன்னால் வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு கட்டை தள்ளி, விளையாட்டுக்குள்ளும் மழை.

ஒரு பொம்மை மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தது. வாக்கெடுப்பு இன்னும் தொடங்கவில்லை, நான் மணி அடிக்கவில்லை. ஐஸ் லாரிக்காரர் போய்ச் சிவப்புத் தரையின் நடுவில் தனியாக நின்றார்.

"நான் எறங்க மாட்டேன்" என்றார். அவர் குரல் ஏறவேயில்லை. "நீங்க போங்க, எனக்கு வெசனம் ஒண்ணும் இல்ல. ஒருக்க எறங்கினேன், லிஸ்ட்ல பேரு போச்சு. போன வாரமும் எறங்கினேன். அவரு என்ன வேணும்னாலும் சொல்லட்டு. கூட்டம் முடியுந்தட்டியும் நான் இங்கதான் நிப்பேன்."

வாசலில் நின்ற தோழியின் பொம்மை அப்படியே நின்றது. அவள் வாய்க்கு வந்த கோபத்தை விழுங்கி நான் பார்த்ததில்லை, அன்று விழுங்கினாள். திரும்பினாள். ஒரு வார்த்தை பேசாமல் மண்டபம் முழுக்க நடந்து வந்து சிவப்பில் அவர் பக்கத்தில் நின்றாள். அவள் பின்னால் மற்ற ஒன்பது பேரும் வந்தார்கள். நான் மணி அடித்தேன். பச்சைத் தரைக்குப் பாதி தூரம் போன ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் நின்று, யோசித்து, குறுக்கே நடந்து சிவப்புக்கு வந்தார்.

பச்சை பதினொன்று, சிவப்பு பன்னிரண்டு. மூன்று முறை எண்ணினேன். தீர்மானம் தோற்றது என்று சொல்லும்போது இந்தத் தடவை குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அட்மின் பச்சைத் தரையை விட்டு மண்டபத்தின் நடுவுக்கு வந்தான். பிறகு, "சரி டீச்சரே, மைதானத்துக்கு வேற எடம் பாக்கறேன்" என்றான். அழித்துவிட்டுப் போகிற சக்தி அப்போதும் அவன் விரலில்தான் இருந்தது. அவன் அழிக்கவில்லை. விளையாட்டுக்கு எதற்குச் சட்டசபை என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: அழிக்க முடிந்தவன் ஒருவன் எண்ணிக்கையைப் பார்த்துக் கையை எடுத்துக்கொள்வதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தானுக்குப் புரியாவிட்டால் போகட்டும்.

திங்கட்கிழமை தோழி தயிர்சாத டப்பாவோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "உன் பதினேழாம் ரூல் ஒரு அசட்டு ரூல்" என்றாள். ஆமாம் என்றேன். ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள்.

அன்று மத்தியானமே சபைக் குறிப்பை எழுதினேன். வழக்கமாக அதில் ஒரு வரி வரும்: இன்னார் தலைமையில் இத்தனை பேர் வெளிநடப்பு. அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. யாரும் வெளியேறவில்லை என்று எழுதி, சிவப்பில் வந்து நின்ற வரிசைப்படி பேர்களை அடியில் சேர்த்தேன்.

குறிப்பை எல்லாருக்கும் அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் விழிஞ்ஞத்திலிருந்து போன் வந்தது. பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம்.

"வண்டியில ஐஸ் ஏத்துகேன் டீச்சரே, வாசிக்க ஒக்கல்ல. கடைசி வரை நின்னவங்க லிஸ்ட் அதில உண்டா?"

"உண்டு."

"என் பேரு உண்டா?"

"முதல் பேரே உங்க பேருதான்" என்றேன்.

ஐஸ் உடைக்கிறவர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். பிறகு, "ஒருக்க வாசிங்க டீச்சரே" என்றார். வாசித்தேன்.